மூச்சுப் பாடமும் சிலேட்டுக் குச்சியின் தூசும்

நம் பள்ளிகளில் சுவாச உறுப்புகளைப் பற்றிய பாடம் பெரும்பாலும் ஒரு கண்ணாடிச் சாடியைக் கொண்டே நடைபெறுகிறது. சாடியினுள் இரண்டு பலூன்கள். அடிவாயில் இழுத்துக் கட்டிய ரப்பர்த் தகடு. தகட்டைக் கீழே இழுத்தால் பலூன்கள் உப்பும், விட்டால் சுருங்கும். நுரையீரல் தானாகக் காற்றை இழுப்பதில்லை, உதரவிதானம் தாழ்ந்து மார்பு விரிவதனாலேயே காற்று உட்புகுகிறது என்னும் உண்மை இதனால் நன்கு விளங்கும். (சாடியின் சுவர் அசையாது, நம் விலா எலும்புகளோ மேலெழும் என்பதையும் ஆசிரியர் சொல்லிவிடுதல் நலம்.) பாடம் அத்துடன் முடிந்துவிடுவதுதான் தகாது.

நுரையீரல் காற்றடைத்த பை அன்று. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து, அவை மேலும் இரண்டிரண்டாகி, ஏறத்தாழ 23 முறை கிளைத்தபின், 30 முதல் 50 கோடி நுண்ணறைகளில் சென்று முடிகிறது. அவ்வறைகளின் சுவர்களை விரித்துப் பரப்ப இயலுமாயின் 70 சதுர மீட்டரையோ அதனினும் மிகுதியான இடத்தையோ மூடும். காற்றுக்கும் குருதிக்கும் இடையே நிற்கும் தடுப்போ, மெல்லிய இடங்களில் ஒரு மைக்ரானிலும் குறைந்தது. அதனூடேதான் பிராணவாயு குருதிக்குள் செல்கிறது. கரியமில வாயு வெளியேறுகிறது. பாடத்தின் உயிர்நிலை இதுவே. சாடியிலுள்ள பலூனில் இதைக் காட்டவியலாது.

இத்துணை அகன்ற, இத்துணை மெல்லிய பரப்பைக் காக்கும் ஏற்பாடும் கற்பிக்கத் தக்கது. பத்து மைக்ரானுக்கு மேற்பட்ட தூசுகளில் பெரும்பாலானவற்றை மூக்கும் தொண்டையும் பிடித்துவிடும். அவற்றைக் கடந்தவை குழல்களின் சளியில் ஒட்டும். அங்குள்ள நுண்மயிர்கள் சளியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆனால் நுண்ணறைகளில் நுண்மயிர்கள் இல்லை. ஐந்து மைக்ரானுக்குக் குறைந்த தூசு அங்கே சென்றால், அதனை விழுங்கி அகற்றும் உயிரணுக்களே காவல். அத்தூசு படிகச் சிலிக்காவாயின் விழுங்கிய அணு மடிகிறது, துகள் வெளிப்படுகிறது, அடுத்த அணு அதனை விழுங்கி அதுவும் மடிகிறது. அவ்விடத்தில் வடு தோன்றி வளர்கிறது, நுரையீரல் விறைக்கிறது. இதுவே சிலிக்கோசிஸ் நோய். வடுவை நீக்கும் மருந்து இல்லை.

இந்நோயைப் பற்றி ஆசிரியர்கள் கவலைப்படுவானேன் எனலாம். மத்தியப் பிரதேசத்து மந்த்சௌர் பகுதியில், மின்சார வாள்களால் கல்லை அறுத்துச் சிலேட்டுக் குச்சிகள் செய்தனர். ஆமதாபாத்தின் தேசியத் தொழில் நலவியல் நிறுவனத்தார் அங்கு 593 தொழிலாளரைச் சோதித்து 1985இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 54.6 பேரிடம் இந்நோய் காணப்பட்டது. அத்தொழிலாளர் நலநிதிக்கென அம்மாநிலம் 1982இல் ஒரு சட்டமே இயற்ற நேர்ந்தது. குழந்தையின் கைக்கு முதன்முதல் எழுத்தைத் தந்த குச்சி அது! இன்று சிலேட்டு அருகிவிட்டது. ஆனால் ராஜஸ்தானின் மணற்கல் சுரங்கங்களிலும், குஜராத்தின் காம்பே நகரத்து அகேட் கல் பட்டறைகளிலும் கல்லை வெட்டும், மெருகிடும் தொழில் தொடர்ந்து நடைபெறுகிறது.

களப்பணியாளர்க்கு ஒரு வார்த்தை. 'வாயில் துண்டைக் கட்டிக்கொள்க' என்று சொல்லி அமைதல் போதாது. கண்ணுக்குத் தெரியும் புழுதியைத் துண்டு ஓரளவு தடுக்கும். கேடு செய்வதோ கண்ணுக்குத் தெரியாத துகள். கல்லை நனைத்து வெட்டுதலும், தூசு எழும் இடத்திலேயே அதனை உறிஞ்சி அகற்றுதலுமே முதன்மையான காப்பு. தக்க முகமூடி அவற்றுக்குத் துணை மட்டுமே. வெட்டிய இடம் தூய்மையாகத் தோன்றுவதைக் கண்டு ஆறுதல் கொள்ள வேண்டா.

இன்னொன்று: இந்நோய் உள்ளோரைக் காசநோயும் எளிதிற் பற்றும், காசநோய் என்றே எண்ணி மருந்து கொடுத்து, அடியிலிருக்கும் தூசு நோயைக் காணாது விடுதலும் உண்டு. நோயாளியிடம் அவர் செய்யும் தொழிலைக் கேளுங்கள் என்று இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700ஆம் ஆண்டிலேயே வற்புறுத்தினார். இருமலோடு வருபவரிடம், இப்பொழுது செய்யும் தொழிலை மட்டுமன்றி, பத்து இருபது ஆண்டுகளுக்கு முன் செய்த தொழிலையும் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதுக. தூசை விட்டு விலகிய பின்னும் நோய் வளரக்கூடும்.