அச்சாணியைக் கழற்றிய அன்பர்கள்

பாடச்சுமைக் குறைப்பு! 2022ஆம் ஆண்டிலே என்.சி.இ.ஆர்.டி. என்னும் மத்தியப் பாடநூல் நிறுவனம் தன் செயலுக்குச் சூட்டிய பெயர் இது. கொரோனாக் கொடுமையால் பள்ளிகள் பூட்டிக் கிடந்தன, பிள்ளைகள் பின்தங்கினர், ஆகவே ஏட்டின் பளுவைக் குறைக்கிறோம் என்றனர். பரிவு! புத்தகப் பை சுமந்து முதுகு வளைந்த பிள்ளைகளை அன்றாடம் காண்பவர்கள் நாம். பளு குறைவதை வேண்டாம் என்போமா? ஆனால், வண்டியின் பாரத்தைக் குறைப்பதாகக் கூறிக்கொண்டு அச்சாணியைக் கழற்றி எறிபவரை என்னவென்று அழைப்பது?

எறியப்பட்டவை எவை? பத்தாம் வகுப்பு விஞ்ஞான நூலிலிருந்து பரிணாமம் போயிற்று, டார்வின் வெளியேற்றப்பட்டார். தனிமங்களின் வரிசை அட்டவணை போயிற்று, மெண்டலீவ் பின்தொடர்ந்தார். அத்தோடு நின்றார்களா? ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று கூறிய இயல் முழுவதும் போயிற்று. இயற்கை வளங்களைப் பேணுவது எப்படி என்று கூறிய இயலும் முழுவதும் போயிற்று.

டார்வினுக்காகக் குரல் எழுந்தது. 2023 ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையொப்பமிட்டுக் கண்டனம் தெரிவித்தனர். நம்மவரும் கொதித்தனர்; கொதிக்கத்தான் வேண்டும். ஆனால் தோழர்களே, நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: மற்ற இரண்டு இயல்களுக்காக நாம் எத்தனை கூட்டம் போட்டோம்? எத்தனை துண்டறிக்கை அடித்தோம்? குரங்கிலிருந்து வந்தோமா என்ற வழக்கிலே நமக்குள்ள சுவை, நிலக்கரியிலிருந்து வரும் புகையிலே இல்லை போலும்!

அந்த இயல்களில் இருந்தது என்ன? நிலக்கரியை எரித்து நீராவியாக்கி மின்சாரம் எடுக்கும் அனல் நிலையம் இருந்தது. காற்றாலை, கதிரவன் ஒளி, கடல் அலை, சாண எரிவாயு, அணு உலை எல்லாம் இருந்தன. மரங்களைக் கட்டித் தழுவிக் கோடரியைத் தடுத்த சிப்கோ மகளிர் இருந்தனர். நாட்டின் பல பகுதிகளிலும் மக்கள் மழைநீரைத் தேக்கிய முறைகளை வரிசைப்படுத்திய இடத்திலே தமிழகத்து ஏரியும் இருந்தது. ஏரியைத் தூர்த்து மனை போட்டவர்கள் மண்ணிலிருந்து அதை அகற்றினர். இவர்கள் ஏட்டிலிருந்தும் அகற்றினர்.

மேல்வகுப்பிலே வரும் என்று சமாதானம் கூறுகிறார்கள். யாருக்கு வரும்? பத்தாம் வகுப்புதானே எல்லோரும் விஞ்ஞானம் படிக்கும் கடைசி வகுப்பு! அதற்குப் பிறகு வணிகவியலுக்குப் போகிறவன் உண்டு. வரலாறு படிக்கப் போகிறவள் உண்டு. படிப்பை விட்டுவிட்டு வேலைக்கே போகிறவர்களும் உண்டு. வெயிலிலே கட்டடம் கட்டப் போகிறவனுக்கு வெயில் ஏன் ஏறுகிறது என்று தெரிய வேண்டாம், குளிரூட்டிய அறையிலே அமரப் போகிறவனுக்குத் தெரிந்தால் போதும் — இதுதானா நீதி? இன்னாருக்குத்தான் கல்வி, இன்னாருக்கு இல்லை என்ற பழைய சட்டம், புதிய அட்டை போட்டு வந்திருக்கிறது என்போம் நாம்.

சுற்றுச்சூழல் பற்றிய ஓர் இயலை விட்டுவைத்தோமே என்பர். உண்மை, ஓசோன் படலம் அதிலே உண்டு. அதனால் வரும் குழப்பத்தையும் கூறிவிடுவோம். உலகம் ஏன் சூடாகிறது என்று கேட்டால், ஓசோனில் ஓட்டை விழுந்தது, அதன் வழியே வெப்பம் நுழைகிறது என்று விடையளிக்கும் மாணவர் ஏராளம். இரண்டும் வெவ்வேறு. ஓசோன் தடுப்பது புற ஊதாக் கதிரை. உலகைச் சூடாக்குவது, பூமி வெளிவிடும் வெப்பக் கதிரைக் கரியமில வாயு பிடித்து நிறுத்துவதால். பாதியை வைத்துக்கொண்டு மீதியை வெட்டினால் பிறப்பது அறிவல்ல, குழப்பமே.

இது நேற்று முளைத்த கொள்கையுமன்று. 1856இலே அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்ற பெண்மணி, கண்ணாடிக் குழாய்களிலே வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்தார். கரியமில வாயு அடைத்த குழாய் மிகுதியாகச் சூடேறிற்று, ஆறவும் நெடுநேரம் பிடித்தது. காற்றில் இந்த வாயு கூடினால் உலகின் வெப்பமும் கூடும் என்று எழுதினார். 1848இல் பெண்ணுரிமைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர்களில் அவரும் ஒருவர். ஆயினும் விஞ்ஞானிகள் அவையிலே அவருடைய கட்டுரையை வாசித்தவர் ஓர் ஆண்! 1859இல் டிண்டால், வெப்பக் கதிரை வாயுக்கள் உறிஞ்சுவதை ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டினார். 1896இல் ஸ்வீடன் நாட்டு அரீனியஸ், வாயு இரட்டித்தால் வெப்பம் எவ்வளவு கூடும் என்று கணக்கிட்டார். 1958 முதல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமேல் கீலிங் தொடங்கிய அளவீடு, பத்து லட்சத்தில் ஏறத்தாழ 315 பங்கு என்று ஆரம்பித்து, 2024இல் 420ஐத் தாண்டிவிட்டது. ஆலைகள் எழுவதற்கு முன் இருந்தது 280தான்.

இங்கே நம் தோழர்களுக்கும் ஒரு சொல். "உலகம் சூடாகிறது, நம்புங்கள்" என்று பிள்ளைகளிடம் கூறுவதும் ஒரு புரோகிதம்தான். நம்பச் சொல்ல நாம் யார்? சான்றைக் காட்ட வேண்டும். சூடு கதிரவனால் வந்ததாயின் வானின் மேலடுக்கும் சூடாக வேண்டுமே. அங்கே குளிர்கிறதே, ஏன்? காற்றிலே கூடிய கரி நிலக்கரியினுடையது என்று எப்படிக் கண்டார்கள்? பல கோடி ஆண்டு மண்ணில் புதைந்த கரியிலே கதிரியக்கக் கரி அழிந்துவிடும். அந்தப் பழைய கரி கலக்கக் கலக்க, காற்றின் கரியிலே அதன் விகிதம் குறைகிறது. துப்பறியும் கதையைவிடச் சுவையானதன்றோ இது! இதைக் கூறினால் எந்தப் பிள்ளை தூங்கும்?

பள்ளிகளிலே ஒரு சோதனை காட்டுவதுண்டு. சமையல் சோடாவில் வினிகரை ஊற்றி, எழும் வாயுவைப் புட்டியில் பிடித்து விளக்கின்கீழ் வைப்பார்கள். வெப்பமானி ஏறும், மாணவர் கைதட்டுவர். அந்த ஏற்றத்தில் பெரும்பங்கு, கனமான வாயு எளிதில் கலந்து ஆறாமல் நிற்பதால் வருவது. வானில் நடப்பது வேறு. நல்ல முடிவுக்காகத் தவறான சோதனையைக் காட்டாதீர் என்று ஆசிரியத் தோழர்களை வேண்டுகிறோம். எதிரி அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வான்.

எதிரி உண்டா? உண்டு. அமெரிக்காவிலே 1,500 ஆசிரியர்களிடம் எடுத்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஆண்டுக்கு ஓரிரு மணி நேரமே இந்தப் பாடம் நடக்கிறது என்றும், பத்தில் மூவர் இது பெரும்பாலும் இயற்கையால் வந்தது என்று போதிக்கின்றனர் என்றும் அது காட்டிற்று. மறு ஆண்டே ஹார்ட்லேண்ட் என்ற அமைப்பு, விஞ்ஞானிகளுக்குள் கருத்து வேற்றுமை என்று கூறும் நூலை ஆசிரியர்களுக்கு இலவசமாக அஞ்சலில் அனுப்பிற்று. அங்கே ஐயத்தை அச்சடித்தனர். இங்கே பக்கத்தையே கிழித்தனர். எது மேல் என்று நாம் தீர்ப்புக் கூறப் போவதில்லை.

பக்கம் வெறுமையானால் அங்கே வேறொன்று குடியேறும். 2019 கோடையிலே சென்னை குடிநீரின்றித் தவித்தபோது மழை வேண்டி யாகங்கள் நடந்தன. 2023 டிசம்பரிலே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியபோது, எந்த யாகத்தின் மிச்சம் இது என்று எவரும் விளக்கவில்லை! ஒரு மழையை மட்டும் வைத்துக் காலநிலைக்குத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனால் ஒரு பாகை சூடு கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்கும் என்பது பௌதிகம். அதைப் பள்ளியிலே படித்தவன், அடுத்த மழைக்கு முன் வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லி மனுக் கொடுப்பான். படிக்காதவன் தவளைக்குத் திருமணம் நடத்துவான்.

புகையைக் குறைப்பது எப்படி என்பதையும் கணக்காகவே கற்பிக்கட்டும். பத்து வகுப்பறை, அறைக்கு நான்கு மின்விசிறி, ஒவ்வொன்றும் 75 வாட், நாளுக்கு ஆறு மணி நேரம் என்றால் 18 யூனிட். அதே காற்றை 30 வாட்டில் தரும் விசிறிகள் கடையிலே கிடைக்கின்றன, மாற்றினால் 7.2 யூனிட். 200 பள்ளி நாட்களில் மிச்சம் 2,160 யூனிட். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் கரியமில வாயு. ஆக, ஒன்றரை டன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு!

ஆனால் விசிறியை நிறுத்து, விளக்கை அணை என்பதோடு பாடம் முடிந்துவிடலாகாது. இந்தியர் ஒருவர் பங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன், அமெரிக்கர் பங்கு 14 டன் என்ற கணக்கும் அதே கரும்பலகையில் ஏற வேண்டும். உன் தடம் எவ்வளவு என்று ஒவ்வொருவரையும் எண்ணிப் பார்க்கச் சொல்லி 2000களில் விளம்பரம் செய்தது யார் தெரியுமா? பி.பி. என்னும் எண்ணெய் நிறுவனம்! எண்ணெய் விற்றவன் எண்ணிக்கையை நம் தலையில் கட்டினான்.

சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்குமாறு உச்சநீதிமன்றம் 1991லேயே ஆணையிட்டது. இப்போது புதிய பாடநூல்கள் எழுதப்படும் காலம். எழுதுவோரிடம் நாம் கேட்பது சலுகையன்று. எடுத்த இரு இயல்களையும் பத்தாம் வகுப்பிலேயே திருப்பி வையுங்கள். பழையபடியன்று, கீலிங்கின் கோட்டையும் யூனிஸ் ஃபுட்டின் குழாயையும் சேர்த்து. முடியாது என்றால், எந்தச் சுமை கனத்தது, யாருக்குக் கனத்தது என்று எழுத்திலே விடை கொடுங்கள். அதை இந்தப் பக்கத்திலேயே வெளியிடக் காத்திருக்கிறோம்.