கணனி திறக்காவிட்டால் கோப்புகள் போய்விட்டனவா?



எமது ஊர்களில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களிடமும் சிறுகடன் குழுக்களிடமும் இன்று கணனிகள் இருக்கின்றன. பெரும்பாலும் யாராவது உதவியாகக் கொடுத்த பழைய கணனிகள். கடன் பதிவு, கூட்ட அறிக்கை, கோழி வளர்ப்புக் கணக்கு எல்லாம் அவற்றில்தான் உள்ளன. சில கணனிகளில் அதைவிடப் பெறுமதியானவையும் இருக்கின்றன. காணாமற்போன மகனின் படம், பிறப்புச் சான்றிதழின் பிரதி, ஆணைக்குழுவுக்குக் கொடுத்த மனு, காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு எழுதிய கடிதம் என்பவற்றை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம். இடம்பெயர்ந்து ஓடியபோது மூலப் பத்திரங்களைத் தொலைத்த குடும்பத்துக்கு இந்தப் பிரதிதான் கையில் மிஞ்சியிருக்கும் சான்று.

ஒருநாள் காலையில் அந்தக் கணனி திறக்காது. நீலத் திரை வரும், அல்லது வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். திருத்தும் கடைக்குக் கொண்டு போனால், "போமற் அடிக்கத்தான் வேணும் அக்கா" என்பார்கள். நாமும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவோம். போமற் அடிப்பது என்றால் உள்ளே உள்ளதைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது.

நான் வேலை செய்யும் பகுதியில் ஒரு சங்கத்துக்கு இப்படி நடந்தது. கணனி இரண்டே நாளில் புதியதுபோலத் திரும்பி வந்தது. கடன் பதிவேடு வரவில்லை. யார் எவ்வளவு கட்டி முடித்தார்கள் என்பதை உறுப்பினர்களின் பாஸ் புத்தகங்களை வீடு வீடாகச் சென்று வாங்கிப் பார்த்துத்தான் திரும்ப எழுதினார்கள். கடைக்காரத் தம்பியில் பிழை சொல்ல முடியாது. திருத்தித் தரச் சொன்னார்கள், திருத்திக் கொடுத்தார். உள்ளே இருப்பதை முதலில் எடுத்துத் தாருங்கள் என்று எவரும் கேட்கவில்லை.

ஆகவே இம்மாதம் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். கணனி திறக்கவில்லை என்பது ஒரு விடயம். கோப்புகள் அழிந்துவிட்டன என்பது வேறு விடயம். வாசற்கதவு இறுகிக்கொண்டால் உள்ளே இருக்கும் அரிசி மூட்டை காணாமற் போவதில்லை. பின்கதவால் போய் எடுக்கலாம். கணனியைத் தொடங்கி வைக்கும் விண்டோஸ் பழுதானாலும், நாம் சேமித்த கோப்புகள் ஹாட் டிஸ்கில் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

இது எமக்கு மட்டும் வரும் கஷ்டமும் அல்ல. 2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பினால் உலகெங்கும் விமான நிலையங்கள், வைத்தியசாலைகள், வங்கிகளின் கணனிகள் நீலத் திரையில் நின்றன. பாதிக்கப்பட்டவை ஏறத்தாழ 85 இலட்சம் என்று மைக்ரோசொப்ட் மதிப்பிட்டது. அவற்றைத் திருத்தப் பலர் செய்தது, மீட்புத் திரை வழியாக உள்ளே போய் அந்த ஒரு கோப்பை அழித்ததுதான். அதற்கென யூ.எஸ்.பி. மூலம் இயங்கும் கருவி ஒன்றையும் மைக்ரோசொப்ட் வெளியிட்டது. அதே பின்கதவை நாமும் பயன்படுத்தலாம்.

இதற்கு இரண்டு பென்டிரைவ் வேண்டும். ஒன்று கணனியைத் திறப்பதற்கு. அது 8 ஜீ.பி.க்குக் குறையக் கூடாது, அதில் இருப்பது முழுவதும் அழிந்துவிடும் என்பதால் வெறுமையானதை எடுங்கள். மற்றது கோப்புகளைப் போட்டு வைப்பதற்கு. வேலை செய்யும் வேறொரு கணனியில், மைக்ரோசொப்டின் இணையத்தளத்திலிருந்து 'மீடியா கிரியேஷன் ரூல்' என்பதை இறக்கி இயக்கினால் அது முதல் பென்டிரைவை மீட்பு பென்டிரைவாக ஆக்கித் தரும். இதற்குப் பணம் இல்லை, ஆனால் பல ஜீ.பி. டேட்டா செலவாகும். ஆகவே இணைப்பு நன்றாக உள்ள இடத்தில் செய்யுங்கள். விண்டோஸ் 10 க்கான வழமையான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. ஆனாலும் பழைய கணனியிலிருந்து கோப்புகளை எடுப்பதற்கு விண்டோஸ் 10 பென்டிரைவே பொருத்தம்.

அடுத்து, பழுதான கணனியை முற்றாக நிறுத்தி, மீட்பு பென்டிரைவைச் செருகி, மீண்டும் இயக்குங்கள். இயக்கிய கையோடு ஒரு விசையைத் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டும். டெல், லெனோவோ கணனிகளில் அது பெரும்பாலும் எப்12. எச்.பி. கணனியில் எப்9. ஏசுஸ் மடிக்கணனியில் எஸ்கேப். எதிலிருந்து தொடங்குவது என்று ஒரு பட்டியல் வரும். அதில் யூ.எஸ்.பி. என்பதைத் தெரிவு செய்யுங்கள்.

சிறிது நேரத்தில் மொழியைக் கேட்கும் திரை வரும். இது விண்டோஸைப் புதிதாகப் போடும் திரை. இங்கே அவசரப்படக் கூடாது. 'இன்ஸ்ரோல்' என்பதை அழுத்த வேண்டாம். அந்தத் திரையில் இருந்தபடியே ஷிப்ட் விசையையும் எப்10 விசையையும் ஒன்றாக அழுத்துங்கள். சில மடிக்கணனிகளில் எப்.என். விசையையும் சேர்த்து அழுத்த வேண்டி வரும். கறுப்பு நிறத்தில் ஒரு பெட்டி திறக்கும். இதைத்தான் 'கொமாண்ட் புரொம்ப்ட்' என்கிறார்கள். படமோ பொத்தானோ இருக்காது. நாம் எழுத்தில் கட்டளை கொடுக்க வேண்டும், அது செய்யும். வரியின் தொடக்கத்தில் எக்ஸ் என்ற எழுத்து தெரியும். பயப்பட வேண்டாம். அது மீட்பு பென்டிரைவ் தற்காலிகமாக உண்டாக்கிய இடம், உங்கள் ஹாட் டிஸ்க் அல்ல.

கட்டளைகள் எத்தனையோ உண்டு. எமக்கு ஒரே ஒரு சொல் போதும். என், ஓ, ரி, ஈ, பி, ஏ, டி என்ற ஆங்கில எழுத்துக்களை இடைவெளி இல்லாமல் அடித்து என்ரர் தட்டுங்கள். நோட்பாட் திறக்கும். அதில் 'பைல்' என்பதற்குள் 'ஓப்பின்' என்பதை அழுத்தினால் கணனியின் உள்ளே பார்க்க ஒரு ஜன்னல் கிடைத்துவிடும். கீழே 'ரெக்ஸ்ற்' என்று இருப்பதை 'ஓல் பைல்ஸ்' என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் படங்களும் மற்றக் கோப்புகளும் கண்ணுக்குத் தெரியாது.

இப்போது இரண்டாவது பென்டிரைவைச் செருகுங்கள். ஹாட் டிஸ்க் இங்கே சி என்ற எழுத்தில்தான் இருக்கும் என்றில்லை, டி அல்லது ஈ என்றும் காட்டலாம். 'யூசர்ஸ்' என்ற கோப்புறை எதில் உள்ளதோ அதுதான் நீங்கள் தேடுவது. அதற்குள் உங்கள் பெயரிலோ சங்கத்தின் பெயரிலோ ஒரு கோப்புறை இருக்கும். அதனுள்ளே 'டெஸ்க்ரொப்', 'டொக்கியுமென்ட்ஸ்', 'பிக்சர்ஸ்' என்பன இருக்கும். ஒன்றின்மேல் வலது பக்கப் பொத்தானை அழுத்தி 'கொப்பி' கொடுத்து, பிறகு பென்டிரைவுக்குள் போய் 'பேஸ்ட்' கொடுங்கள். எவ்வளவு முடிந்தது என்று இது காட்டாது. திரை உறைந்ததுபோல நிற்கும். அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதுபோல் பார்க்காமல், பொறுத்திருங்கள். ஒரு நேரத்தில் ஒரு கோப்புறை என்று எடுத்தால் குழப்பம் குறையும். முடிந்ததும் பென்டிரைவை வேறு கணனியில் போட்டு, கோப்புகள் உண்மையில் திறக்கின்றனவா என்று பாருங்கள். அதன்பிறகு எவர் வேண்டுமானாலும் போமற் அடிக்கட்டும்.

சில இடங்களில் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஹாட் டிஸ்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் கணனியை உடனே நிறுத்துங்கள். அது விண்டோஸின் பழுதல்ல, டிஸ்க்கின் பழுது. இயக்க இயக்க மோசமாகும். ஹாட் டிஸ்க் பட்டியலிலேயே தெரியவில்லை என்றாலும் தெரிந்தவரிடம் காட்டுங்கள், எதையும் அழிக்கச் சம்மதிக்க வேண்டாம். 'ரிமூவ் எவ்ரிதிங்' என்று எந்தத் திரையில் கண்டாலும் தொடாதீர்கள். எல்லாவற்றையும் நீக்கு என்பதுதான் அதன் பொருள்.

டிஸ்க் பூட்டப்பட்டுள்ளது என்று வந்தால், அது பிட்லொக்கர் என்னும் பூட்டு. அதைத் திறக்க 48 இலக்கங்கள் கொண்ட ஒரு திறப்பு வேண்டும். மொழித் திரைக்கு அடுத்து வரும் 'ரிப்பெயார்' என்ற வழியால் போய்க் கொமாண்ட் புரொம்ப்டைத் தெரிவு செய்தால் அந்த இலக்கங்களைக் கேட்கும். புதிய விண்டோஸ் 11 கணனிகளில் மைக்ரோசொப்ட் கணக்குடன் நுழையும்போது இந்தப் பூட்டு தானாகவே விழுந்துவிடுவது உண்டு. அப்போது திறப்பு அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். கணனியை அமைத்துக் கொடுத்த உத்தியோகத்தர் தன் சொந்தக் கணக்கைப் போட்டுவிட்டு இடமாற்றம் பெற்றுப் போயிருந்தால், சங்கத்தின் திறப்பு அவருடனேயே போய்விடும். ஆகவே கணனி நன்றாக இருக்கும் இன்றே அந்த 48 இலக்கங்களைத் தேடி எடுத்து எழுதி வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன வழியில் எங்காவது விண்டோஸின் கடவுச்சொல்லைக் கேட்டதா? கேட்கவில்லை. எமக்குத் திறக்கும் பின்கதவு மற்றவருக்கும் திறக்கும். பூட்டு இல்லாத கணனியைக் கையில் வைத்திருக்கும் எவரும், ஒரு பென்டிரைவுடன், கடவுச்சொல் தெரியாமலே உள்ளே இருப்பதைப் பிரதி எடுக்கலாம். வீட்டு வன்முறைக்கு ஆளான ஒரு பெண் நம்பிச் சொன்ன வாக்குமூலம், பிள்ளைகளின் படங்கள், காணாமற்போனோரின் விபரங்கள் என்பவை உள்ள கணனியைக் கடையில் ஒரு கிழமை விட்டுவிட்டு வருவது எவ்வளவு பாரதூரமானது என்று யோசியுங்கள். முடிந்தவரை கோப்புகளை நாமே எடுத்துக்கொள்வோம். கடையில்தான் எடுக்க வேண்டும் என்றால் ஒருவர் பக்கத்தில் இருந்து பார்ப்போம். அந்தரங்க விபரங்கள் உள்ள கணனிக்குப் பிட்லொக்கர் பூட்டு நல்லது, திறப்பு எம் கையில் இருக்கும்வரை.

அடுத்த கூட்டத்தில் ஒரு அரைமணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். ஒரு கடித உறையில் மீட்பு பென்டிரைவ், பிட்லொக்கர் இலக்கங்கள் எழுதிய தாள், உங்கள் கணனிக்கு எந்த விசை என்ற குறிப்பு ஆகியவற்றை வைத்து, வங்கிப் புத்தகம் இருக்கும் அலுமாரியில் பூட்டி வையுங்கள். கணனி இருக்கும் மேசையில் அதை வைக்க வேண்டாம். திறப்பு தலைவி, செயலாளர் இருவரிடமும் இருக்கட்டும். கணனி பழுதாகும்வரை காத்திராமல் ஒருமுறை அந்தக் கறுப்புப் பெட்டியைத் திறந்து, நோட்பாடுக்குள் போய், ஒரு படத்தைப் பிரதி எடுத்துப் பழகுங்கள். உங்கள் சங்கத்தில் இளம் பிள்ளைகள் இருந்தால் அவர்களை முன்னால் இருத்துங்கள். ஆனால் வயதில் மூத்த ஒரு அம்மாவும் தன் கையால் ஒருமுறை செய்து பார்க்கட்டும்.