450 வாட்ஸ் என்று எழுதியிருந்தால் போதுமா?

கம்ப்யூட்டர் வாங்கும்போது ப்ராசஸர் என்ன, ராம் எவ்வளவு என்றெல்லாம் கேட்கிறோம். கேபினட்டுக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். எந்தக் கம்பெனி என்று யாராவது கேட்கிறோமா? நானும் கேட்கவில்லை. அதனால் வந்த நஷ்டத்தைத்தான் இங்கே சொல்கிறேன்.

மேலூரில் இருக்கும் என் அத்தை மகன் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போவதாக போன் செய்தான். "நல்ல கார்டுதானே மச்சான்?" என்றான். "நல்ல கார்டுதான், வாங்கு" என்றேன். சாஃப்ட்வேர் இன்ஜினியர் சொல்லிவிட்டேன் அல்லவா, வாங்கிவிட்டான். கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸில், ஒரு கன்வெர்ட்டர் கேபிள் போட்டு மாட்டினான். மூன்றாம் நாள் கேம் விளையாடும்போது 'பட்' என்று ஒரு சத்தம், கருகிய வாசனை. மதர்போர்டும் போனது, ஹார்டு டிஸ்க்கும் போனது. அந்த டிஸ்க்கில்தான் மாமாவின் மளிகைக் கடைப் பற்றுக் கணக்கு முழுவதும் இருந்தது. பேக்கப் கிடையாது. இனி, கடன் வாங்கியவர்கள் தாங்களாகச் சொன்னால்தான் உண்டு.

கழற்றிப் பார்த்தேன். வெளியே பெரிய எழுத்தில் 450 வாட்ஸ். லேபிளில் +12 வோல்ட் என்ற இடத்தில் 14 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட்ஸ். 12 x 14 = 168 வாட்ஸ். கார்டு மட்டுமே 170 வாட்ஸ் வரை கேட்கும். அதுவும் 12 வோல்ட்டில்தான். ப்ராசஸருக்கும் அதே 12 வோல்ட்தான். பிறகு எப்படித் தாங்கும்?

இந்தக் கார்டுக்கு என்விடியா சிபாரிசு செய்வது 550 வாட்ஸ். என் கருத்தில், லேபிளில் +12 வோல்ட்டுக்கு எதிரே 40 ஆம்பியராவது இருக்க வேண்டும். 8 பின் கனெக்டர் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்தே வர வேண்டும். கன்வெர்ட்டர் கேபிள் வேண்டாம். 80 ப்ளஸ் முத்திரை மின்சாரம் வீணாகாமல் இருப்பதைக் காட்டும். பாதுகாப்புக்கு அது மட்டுமே உத்தரவாதம் ஆகாது. பெரிய பெயரும் அப்படித்தான். 2021-ல் கிகாபைட் நிறுவனமே தனது இரண்டு மாடல்களை மாற்றித் தருவதாக அறிவிக்க வேண்டி வந்தது. ஆகவே கம்பெனி பெயரோடு நிற்காமல், அந்த மாடலின் ரிவ்யூவையும் படியுங்கள்.

"அவ்வளவு பணம் இல்லையே" என்கிறீர்களா? அப்படியானால் கார்டைக் குறைத்துக்கொள்ளுங்கள், எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் குறைக்காதீர்கள். மதர்போர்டு ஸ்லாட் வழியாகவே 75 வாட்ஸ் வரை கிடைக்கும். தனி மின் இணைப்பு கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 போன்ற கார்டுகளுக்கு அது போதும். வீட்டில் இருக்கும் யுபிஎஸ் எத்தனை வாட்ஸ் தாங்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாம் விலையைத்தான் கேட்கிறோம், அவர்களும் விலையைத்தான் குறைக்கிறார்கள். அடுத்த முறை பில்லில் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கம்பெனி, மாடல் இரண்டையும் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். முக்கியமாக, கேபினட்டைத் திறப்பதற்கு முன் ஒரு பேக்கப் எடுத்துவிடுங்கள். கார்டை இன்னொன்று வாங்கலாம், கணக்கை வாங்க முடியாது.