மன்னிப்பை நீக்கினார்கள், மறைப்பை நீக்கவில்லை

வடக்கு அயர்லாந்து மோதல் காலக் கொலைகளுக்கு நிபந்தனையுடன் மன்னிப்பு வழங்கிய 2023ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவைக் கைவிட்டுவிட்டதாகப் பிரித்தானிய அரசு பெருமை பேசுகிறது. அந்தப் பிரிவு ஐரோப்பிய மனித உரிமைச் சமவாயத்துக்கு முரணானது என்று பெல்ஃபாஸ்ட் மேல் நீதிமன்றம் 2024 பெப்ரவரியில் தீர்ப்பளித்த பிறகு அதைக் கைவிட எந்தத் துணிச்சலும் தேவைப்படவில்லை. துணிச்சல் தேவைப்பட்ட இடம் வேறு. இரகசிய ஆவணங்களில் எதைக் குடும்பத்தினருக்குக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அமைச்சரிடம் அளவுக்கு மீறிக் குவிந்திருப்பதும் தவறு என்று அதே ஆண்டு செப்டெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதை மட்டும் லண்டனால் ஏற்க முடியவில்லை. அந்த அதிகாரத்தைக் காப்பாற்ற உச்ச நீதிமன்றப் படியேறியது. கொலையாளிக்கு மன்னிப்பில்லை என்று அறிவித்துவிட்டு, கொலையாளி யார் என்று அறியும் வழியை அடைத்து வைப்பதற்குப் பெயர் சீர்திருத்தம் அல்ல.

இந்த அதிகாரம் நடைமுறையில் என்ன செய்யும் என்பதற்கு ஊகம் தேவையில்லை. 1997இல் பெல்லாகி என்ற ஊரில் விளையாட்டுக் கழகத் தலைவர் ஒருவர், இரவில் கழக வாயிலைப் பூட்டிக்கொண்டிருந்தபோது கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். உளவுத் தகவல்களில் அந்தக் கொலையுடன் 25 பேருக்கு மேல் தொடர்புபடுத்தப்பட்டிருந்ததும், அவர்களில் அரசின் உளவாளிகளும் இருந்ததும் மரண விசாரணையில் வெளிவந்தன. அதற்கப்பால் ஆவணங்கள் மறைக்கப்பட்டதால் விசாரணையைத் தொடர முடியாது, பொது விசாரணையே வேண்டும் என்று 2024இல் மரண விசாரணை அதிகாரியே கேட்டார். அதை மறுத்தது சட்டவிரோதம் என்று 2025 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. அரசோ, எண்பது வயதைக் கடந்த அவரது மனைவிக்கு எதிராக மீண்டும் உச்ச நீதிமன்றத்தை நாடியது. ஐ.ஆர்.ஏ. ஆயுதக் குழுவுக்குள் பிரித்தானிய இராணுவத்துக்காக வேலை செய்த ‘ஸ்டேக்நைஃப்’ என்ற உளவாளியின் விவகாரத்திலும் இதே கதைதான். அந்த உளவாளியால் காப்பாற்றப்பட்ட உயிர்களைவிடப் பறிபோன உயிர்களே அதிகமாக இருக்கக்கூடும் என்று, அதை ஆராய்ந்த கெனோவா விசாரணை 2024 மார்ச்சில் முடிவுக்கு வந்தது. பல ஆண்டுகள் உழைத்த விசாரணையாளர்களுக்கு, அந்தப் பெயரைத் தங்கள் அறிக்கையில் எழுதும் அனுமதி கிடைக்கவில்லை.

உளவாளிகளின் உயிருக்கு ஆபத்து, நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து என்பது அரசுத் தரப்பின் வாதம். அதை முற்றாகத் தள்ளிவிட முடியாது. தகவல் தந்தவர்களைக் காக்கும் கடமை எந்த அரசுக்கும் உண்டு. ஆனால் அந்த ஆபத்தை எடைபோட நீதிபதிகளால் முடியாதா? நாள்தோறும் மூடிய அறைகளில் இரகசிய ஆவணங்களைப் படித்து முடிவெடுப்பவர்கள்தானே அவர்கள்? குற்றத்துக்கு உடந்தை என்று சந்தேகிக்கப்படுவது அரசின் சொந்த உளவு அமைப்புகளாக இருக்கும்போது, எது வெளிவரலாம் என்ற முடிவை அந்த அரசின் அமைச்சரிடமே விடுவது, தன் வழக்குக்குத் தானே நீதிபதியாவது போன்றது. 2023 சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட புதிய சட்டமூலத்தில் சில கட்டுப்பாடுகள் சேர்க்கப்பட்டிருந்தாலும் இறுதிச் சொல் அமைச்சருடையதாகவே நிற்கிறது.

நாடாளுமன்றம் துருவிக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. அங்கே நடப்பதோ வேறு. எதிர்க்கட்சி வரிசை முன்னாள் படைவீரர்களின் பெயரால் முழங்குகிறது. அவர்களுக்குப் பாதுகாப்புகளை எழுதிவைத்திருப்பதாக அரசு பதில் சொல்கிறது. முதுமையில் நீதிமன்றத்துக்கு இழுக்கப்படுவோமோ என்ற அவர்களது அச்சம் பொய்யல்ல. ஆனால் 1998 பெரிய வெள்ளி உடன்படிக்கைக்குப் பின்னர் மோதல் கால மரணம் ஒன்றுக்காகக் குற்றவாளியாகக் காணப்பட்ட பிரித்தானியப் படையினர் ஒரேயொருவர். அவருக்கும் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையே கிடைத்தது. மன்னிப்புப் பிரிவு நிலைத்திருந்தால், எழுநூறுக்கும் அதிகமான படையினரைக் கொன்றவர்களும் அதே கதவால் வெளியேறியிருப்பார்கள் என்பதை முழங்குபவர்கள் சொல்வதில்லை. ஆவணங்கள் பூட்டப்பட்டிருந்தால் கடைசியில் கூண்டில் நிற்பவர் துப்பாக்கி ஏந்திய சிப்பாய் மட்டுமே. அவரை ஏவியவர், உளவாளியை இயக்கியவர், கோப்பில் கையெழுத்திட்டவர் எவரும் வெளிச்சத்துக்கு வரமாட்டார்கள். இந்தப் பூட்டு சிப்பாயைக் காப்பதற்கல்ல.

இதே அதிகார பீடத்தின் பழைய கணக்கைப் புரட்டினால் வியப்பு எஞ்சாது. 1973 வரை, சுட்ட படையினரை விசாரிக்கும் வேலையை இராணுவப் பொலிஸிடமே விட்டுவைத்தார்கள். 1972 ஜனவரி 30இல் டெரியில் நிராயுதபாணிகள் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, சில வாரங்களில் ஓர் அறிக்கை எழுதிப் படையினரைப் பெருமளவு விடுவித்தார்கள். அந்தப் பொய்யைத் திருத்த இன்னொரு விசாரணை பன்னிரண்டு ஆண்டுகள் நடந்து, ஏறக்குறைய 19 கோடி பவுண்களை விழுங்கியது. அந்தப் படுகொலைக்கான வழக்கு 53 ஆண்டுகள் கழித்து, 2025 ஒக்டோபரில், சான்று போதாமல் விடுதலையில் முடிந்தது. காலத்தில் எடுக்காத சான்று பின்னர் எங்கிருந்து வரும்? ஐ.ஆர்.ஏ. சந்தேகநபர்களுக்கு, நீங்கள் தேடப்படவில்லை என்று சத்தமில்லாமல் கடிதம் அனுப்பினார்கள். அப்படியொரு கடிதத்தால் நான்கு படையினரைப் பலிகொண்ட 1982 ஹைட் பார்க் குண்டுவெடிப்பு வழக்கு 2014இல் சரிந்தது. படைவீரர்மீது இவர்களுக்கிருந்த அக்கறை அவ்வளவுதான். அதே ஆண்டு ஸ்டோர்மண்ட் மாளிகையில் சுயாதீன விசாரணைப் பிரிவுக்கு உடன்பட்டு, 2020 மார்ச்சில் எழுத்துமூல அறிக்கை ஒன்றால் அதைக் கைகழுவினார்கள். நாடாளுமன்றத்தின் வடக்கு அயர்லாந்து விவகாரக் குழு கண்டித்தது, மனித உரிமைக் கூட்டுக்குழு எச்சரித்தது, அங்குள்ள பிரதான கட்சிகள் அனைத்தும் எதிர்த்தன. ஆனாலும் 2023இல் மன்னிப்புச் சட்டம் நிறைவேறியது. குழுக்களின் அறிக்கைகளை வாங்கி அலுமாரியில் அடுக்குவதுதான் மேற்பார்வை என்றால், அதற்கு நாடாளுமன்றம் தேவையில்லை, ஓர் ஆவணக் காப்பாளர் போதும்.

இது நமக்கெதற்கு என்று கேட்கலாம். ஜெனீவாவில் இலங்கை தொடர்பான தீர்மானங்களை முன்னின்று நகர்த்தும் நாடு பிரித்தானியா. 2025 மார்ச்சில் இலங்கையின் முன்னாள் படைத்தளபதிகள்மீது தடை விதித்த நாடும் அதுதான். இரண்டையும் வரவேற்றோம், இனியும் வரவேற்போம். ஆனால் போர்வீரர்களைத் தொடவிடமாட்டோம், தேசிய பாதுகாப்பு ஆவணங்களைத் தரமாட்டோம் என்று கொழும்பு சொல்லும் ஒவ்வொரு சாக்குக்கும் லண்டன் இப்போது முன்மாதிரி எழுதிக் கொடுக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு எதுவாயினும், சட்டத்தை எழுதும் பொறுப்பு நாடாளுமன்றத்துடையது. ஆவணங்கள் பற்றிய இறுதிச் சொல் அமைச்சரிடமிருந்து விலகி, நம்பத்தகுந்த சுயாதீனக் கைகளுக்குப் போக வேண்டும். அதைச் செய்யாமல், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினருக்கு உண்மையைச் சொல் என்று இன்னொரு நாட்டுக்குப் பாடம் நடத்தும் தகுதி பிரித்தானியாவுக்கு இல்லை.