மலிவான கைப்பேசி உண்மையில் மலிவானதா?

மருத்துவப் பணிக்கு ஏற்றது ஆண்ட்ராய்டா, ஐ.ஓ.எஸ்ஸா? இக்கேள்வி எழுந்தால் வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். ஆனால், எந்தப் பணி, யார் கையில் என்பதையன்றோ முதலில் கேட்க வேண்டும்?

எங்கள் திருப்போரூர் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளவர்களுக்கு வீடு தேடி மருந்து வருகிறது. இப்படி வீடு வீடாகச் செல்வோருக்கு ஆயிரக்கணக்கில் கருவிகள் தேவை. எனவே விலை குறைவாக இருக்க வேண்டும். சிக்னல் இல்லாத இடத்திலும் விவரங்களைப் பதிந்து வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைத்ததும் அனுப்ப வேண்டும். 2016இல் ஆந்திரத்தில் செவிலியர்களுக்காகத் தொடங்கப்பட்ட ‘அன்மோல்’ செயலி, ஆண்ட்ராய்டு டேப்லட்டில் இவ்வாறுதான் இயங்கியது.

ஆண்ட்ராய்டின் மூலநிரல் திறந்தது. பல நிறுவனங்கள் போட்டியிட்டுக் கருவிகள் செய்வதால் விலை குறைகிறது. ஐ.ஓ.எஸ். ஆப்பிள் கருவிகளில் மட்டுமே இயங்கும். 2020 ஏப்ரலில் ‘ஆரோக்கிய சேது’ இவ்விரண்டுக்குமே வெளியாயிற்று. ஆயினும் அதன் பயனர்களில் ஏறத்தாழ 98 விழுக்காட்டினர் ஆண்ட்ராய்டு வைத்திருந்தோரே என அரசு மே மாதம் தெரிவித்தது.

அப்படியானால் ஆண்ட்ராய்டு வென்றுவிட்டதா? பொறுங்கள்.

இயங்குதளம் வீடு என்றால், செயலி அதில் குடியிருப்பவர். குடியிருப்பவர் தம் பெட்டிக்கு எத்தனை பூட்டுப் போட்டாலும், வீட்டுக் கதவு உளுத்திருந்தால் என்ன பயன்? இயங்குதளத்தில் அவ்வப்போது ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. அவற்றை அடைப்பதே பாதுகாப்புத் திருத்தம். 2013இல் வந்த ஐபோன் 5எஸ் கருவிக்கு ஆப்பிள் 2023 சனவரியிலும் திருத்தம் அனுப்பியது. ஆண்ட்ராய்டிலோ, கூகுள் தரும் திருத்தத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் கருவிக்கேற்ப அமைத்து அனுப்ப வேண்டும். விலை குறைந்த கருவிகளுக்கு இது சில ஆண்டுகளில் நின்றுவிடுவதுண்டு. பிக்சல் 8 (2023), கேலக்ஸி எஸ்24 (2024) ஆகியவற்றுக்கு 7 ஆண்டு உறுதி உண்டு. ஆனால் அவை விலை உயர்ந்தவை.

திருத்தம் இல்லாவிட்டால் என்ன நேரும்? 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்னும் நச்சுநிரல் இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைக் கணினிகளை முடக்கியது. சுமார் 19,000 சிகிச்சை முன்பதிவுகள் ரத்தாயின என்று மதிப்பிடப்பட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது! அவை கணினிகள், எனினும் பாடம் கைப்பேசிக்கும் பொருந்தும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கருவியின் விலை ரூ.12,000, திருத்தம் 3 ஆண்டு. மற்றொன்று ரூ.18,000, திருத்தம் 6 ஆண்டு. முன்னதற்கு ஆண்டுச் செலவு ரூ.4,000, பின்னதற்கு ரூ.3,000. எது மலிவு?

ஆகவே என் கருத்து இதுதான்: களப்பணிக்கு ஆண்ட்ராய்டே பொருந்தும். ஆனால் மருத்துவத் துறைக்குக் கருவி வாங்குவோர், திரையின் அளவைக் கேட்பதற்கு முன், “எத்தனை ஆண்டு திருத்தம் தருவீர்கள்?” என்று கேட்டு எழுத்தில் பெற வேண்டும். நோயாளி நம்பிச் சொன்ன விவரம் நாம் காக்க வேண்டிய பொருள் அல்லவா?

நீங்களும் வீட்டிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் ‘அமைப்புகள்’ பகுதியில், பாதுகாப்புத் திருத்தத்தின் தேதியைத் தேடிப் பாருங்கள். அது ஓராண்டுக்கு முந்தையதா? அப்படியானால் கதவைச் சற்றுக் கவனிக்க வேண்டும்!