மொட்டைக் கத்திக்கு மணிக்கணக்கா?

மார்கழிப் பட்டத்துக்கு மல்லாட்டை போடலாம் என்று ஒன்றரைக் காணியை ஓட்டச் சொல்லியிருந்தேன். டிராக்டர் என் அண்ணன் மகனுடையது. வெளியாள் வண்டியைக் கூப்பிட்டால் குடும்பத்தில் மனத்தாங்கல் வரும் என்று அவனையே கூப்பிட்டேன். காலை ஏழரைக்கு இறங்கினான். நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரோட்டவேட்டர் போன இடமெல்லாம் மண் மாவு மாதிரி விழுந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பதினொன்றரைக்கு அவன் வண்டியைக் கரை ஏற்றிய பிறகு ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக் குத்திப் பார்த்தேன். மூன்று விரற்கடை இறங்கியது. அதற்கு மேல் போகவில்லை.

"என்னடா இது?" என்றேன்.

"ஈரம் கம்மி சித்தப்பா. மண்ணு இறுகிக் கெடக்கு. இன்னொரு ஓட்டு ஓட்டிட்டா சரியாயிடும்."

இன்னொரு ஓட்டு என்றால் இன்னொரு நாலு மணி நேரம். மணிக்கு 1,200 ரூபாய். நான் பதில் பேசாமல் வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்தேன். ஆறடி ரோட்டவேட்டர். 42 கத்தி இருக்க வேண்டும். நாலு கத்தி இல்லவே இல்லை. இரண்டு, உடைந்ததை வெல்டிங் வைத்து ஒட்டியது. ஒன்று திருப்பி மாட்டியிருக்கிறது. மீதி எல்லாம் தேய்ந்து, 'எல்' மாதிரி மடங்கியிருக்க வேண்டிய அடிப்பகுதி பாதிகூட இல்லை. இதே வண்டி புதிதாக வந்த வருஷம் இதே நிலத்தை இரண்டரை மணியில் முடித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சொந்தப் பிள்ளையைப் பற்றி ஊருக்கே எழுதுகிறாரே என்று அவன் கோபப்படுவான். படட்டும். அவன் ஒருவன் மட்டும் செய்கிற காரியமாக இருந்தால் வீட்டோடு பேசி முடித்திருப்பேன். ஸ்ரீமுஷ்ணத்தைச் சுற்றி வாடகைக்கு ஓடுகிற வண்டிகளைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். டயர் பளபளக்கும், முன்னால் எலுமிச்சம்பழம் தொங்கும், பாட்டுப்பெட்டி பாடும். பின்னால் கத்தி மொட்டை. பூமியையே தூக்கி நிறுத்திய பூவராகப் பெருமாள் குடியிருக்கும் ஊரில் மண்ணை மூன்று விரற்கடை சுரண்டிவிட்டு உழவுக் கூலி வாங்குகிறோம்.

இதை நான் ஏமாற்று என்றுதான் சொல்வேன். மெதுவான வார்த்தை எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். ரோட்டவேட்டர் கத்திக்கு இரண்டு வேலை. நிமிர்ந்து நிற்கும் பகுதி மண்ணைச் செங்குத்தாக வெட்டும். மடங்கிய அடிப்பகுதி கீழே போய்ப் படுக்கையாக அறுத்து, அந்தத் துண்டை மேலே தூக்கி வீசும். அந்த அடிப்பகுதி தேய்ந்துவிட்டால் அறுக்கிற வேலை நின்றுபோய் அடிக்கிற வேலைதான் மிஞ்சும். மேல்மண் தூளாகும், கீழ்மண் அடி வாங்கி இன்னும் இறுகும். ஆஸ்திரேலியாவில் ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் என்பவர் 1912 வாக்கில் அப்பாவின் பண்ணையில் இந்தச் சோதனையைத் தொடங்கி 1920-இல் காப்புரிமை வாங்கினார். அவர் மெனக்கெட்டது எல்லாம் இந்த 'எல்' வடிவத்தைச் சரியாகக் கொண்டு வரத்தான். அந்த வடிவமே தேய்ந்துபோன பிறகு அதை ரோட்டவேட்டர் என்று எதற்குச் சொல்வது? (அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதிப் பின்னாலிருந்து வாசித்தாலும் அதே பெயர்தான் வரும். பேரப்பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.)

மல்லாட்டைக்காரனுக்கு இது வயிற்றில் அடிக்கிற காரியம். பூ விழுந்த பிறகு விழுது மண்ணுக்குள் இறங்க வேண்டும், உள்ளே காய் பெருக்க வேண்டும். பிடுங்கும்போது மண் பொலபொலவென்று விட்டால்தான் காய் செடியோடு வரும். இறுகிய மண்ணில் செடி கையோடு வந்துவிடும், காய் உள்ளேயே நின்றுவிடும். அப்புறம் கூலி கொடுத்து மண்ணைக் கிளறிக் காய் பொறுக்க வேண்டியதுதான்.

நான் நெய்வேலியில் 33 வருஷம் சுரங்க இயந்திரப் பராமரிப்பில் இருந்தவன். 1981-இல் ஃபிட்டராகச் சேர்ந்தேன். 1957-இல் நேரு வந்து தொடங்கி வைத்த சுரங்கம் அது. 1961-இல்தான் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. நடுவில் இருந்ததெல்லாம் கடலூர் மணற்கல். ஜெர்மனியிலிருந்து வந்த பெரிய பெரிய பக்கெட் வீல் இயந்திரங்களின் பற்களையே தின்றுவிட்ட மண் அது. எங்களுக்கு ஷிப்டு ஏறியதும் முதல் வேலை பல் பார்ப்பதுதான். தேய்ந்ததை அங்கேயே மாற்றுவோம். "இன்னும் ஒரு நாள் தாங்கும்" என்று எவனாவது சொன்னால் மேஸ்திரி முறைப்பார். பல் மொட்டையானால் அடுத்து அதைத் தாங்கும் பக்கெட் தேயும், அப்புறம் பேரிங், மோட்டார் என்று சேதம் உள்ளே போகும். அந்த மணற்கல் நெய்வேலியோடு நின்றுவிடவில்லை. விருத்தாசலம், ஜெயங்கொண்டம் பக்கமெல்லாம் நம் முந்திரிச் செம்மண்ணுக்கு அடியில் இருப்பதும் அதுதான். வீராணம் பாசனத்துக் களிமண்ணில் ஓடுகிற கத்தியைவிட மேற்கே செம்மண்ணில் ஓடுகிற கத்தி சீக்கிரம் கரையும். அங்கே ஓட்டுகிறவன் அடிக்கடி குனிந்து பார்க்க வேண்டும்.

"கத்தி விலை தெரியுமா சித்தப்பா?" என்று அவன் கேட்டான். தெரியும். கடையில் விசாரித்தேன். ஒரு கத்தி 130 ரூபாய் என்றால் 42 கத்திக்கு 5,460. கத்திக்கு இரண்டு போல்ட்டு, நட்டோடு 15 ரூபாய் என்றால் 84-க்கு 1,260. ஆக 6,720 ரூபாய். செம்மண்ணில் 120 மணி நேரம்தான் தாங்கும் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். மணிக்கு 56 ரூபாய் ஆகிறது. 1,200 வாங்குகிற இடத்தில் 56 ரூபாயை மிச்சம் பிடிக்க என் ஒன்றரைக் காணியில் ஒன்றரை மணி நேரம் கூடுதலாக ஓடி 1,800 ரூபாய் வாங்கியிருக்கிறான். வேலையும் ஆகவில்லை.

வண்டிக்காரன் கஷ்டம் எனக்குத் தெரியாதா? மாதத் தவணை, டீசல், டிரைவர் பேட்டா, மழை வந்தால் பத்து நாள் வண்டி சும்மா நிற்பது, ஓட்டிய கூலி அறுவடை முடிந்து வருவது. எல்லாம் உண்மை. ஆனால் கூலி மணிக்கணக்கில் இருக்கும்வரை மொட்டைக் கத்தி அவனுக்கு நட்டமாகத் தெரியாது. நேரம் கூடினால் கூலியும் கூடுகிறது. இதற்கு நாமும் உடந்தை. "மணிக்கு நூறு குறைச்சுக்கோப்பா" என்று பேரம் பேசத் தெரிந்த நமக்கு, "ரோட்டவேட்டரைத் தூக்கு, கத்தியைப் பார்க்கணும்" என்று சொல்ல வாய் வரவில்லை. காணிக்கு இவ்வளவு என்று பேசுங்கள். ஆழத்தையும் சொல்லிப் பேசுங்கள். அடுத்த வாரமே எல்லா வண்டியிலும் புதுக் கத்தி இருக்கும்.

என் அப்பா மாட்டு ஏர் வைத்திருந்தார். பட்டம் வருவதற்கு முன்னால் கொழுவைக் கழற்றிக்கொண்டு பட்டறைக்குப் போவார். நான் துருத்தி ஊதப் போவேன். ஆசாரி காய்ச்சி அடித்து, தண்ணீரில் தோய்த்து, பதம் பார்த்துக் கொடுப்பார். கூலி அப்போது கிடையாது, களத்தில் நெல்லாக அளப்போம். அடுத்தவன் நிலத்துக்கு மழுங்கிய கொழுவோடு போவது அன்றைக்கு வெட்கக்கேடு. இன்றைக்கு யாருக்கும் அந்த வெட்கம் இல்லை.

"மெக்கானிக் வரமாட்டேங்கறான்" என்பது அடுத்த சாக்கு. கத்தி மாற்ற மெக்கானிக் எதற்கு? இரண்டு ரிங் ஸ்பேனர், கைப்பிடிக்கு மாட்ட ஒரு பைப்புத் துண்டு, ஒரு கம்பி பிரஷ், பிடிக்க ஒரு ஆள். வீட்டு வாசலில் அரை நாள் வேலை. முந்தின நாள் சாயங்காலமே மண்ணைச் சுரண்டி, நட்டுகளில் டீசலைத் தடவி வைத்துவிட்டால் காலையில் துரு இளகியிருக்கும். எல்லாக் கத்தியையும் ஒரேயடியாகக் கழற்றிக் குவித்துவிட்டுத் திருதிருவென்று முழிக்காதீர்கள். கத்தியில் இடது, வலது உண்டு. ஒன்றைக் கழற்றி அந்த இடத்திலேயே புதியதை மாட்டிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள், வரிசை கலையாது. கூர்முனை முதலில் மண்ணைத் தொட வேண்டும். திருப்பி மாட்டினால் கத்தியின் முதுகுதான் மண்ணில் மோதும். வரிசை சுருளாகப் போவதும் காரணத்தோடுதான். எல்லாக் கத்தியும் ஒரே நேரத்தில் மண்ணில் இறங்காமல் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கினால் கியர் பெட்டிக்கு அதிர்ச்சி இருக்காது. பழைய போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்த போல்ட்டாக வாங்குங்கள், எண்ணே இல்லாத மலிவுப் போல்ட்டு வேண்டாம். மாற்றிய பிறகு இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். காணாமல் போன அந்த நாலு கத்தியும் அப்படித்தான் போயிருக்கும்.

ஒரு புதுக் கத்தியை வீட்டுச் சுவரில் ஆணி அடித்து மாட்டி வையுங்கள். அதோடு வண்டியில் இருப்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் எவ்வளவு கரைந்தது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

வெல்டிங் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கத்திகள் போரான் கலந்த எஃகு, பதம் ஏற்றியவை. சாதாரண ராடை வைத்து ஒட்டினால் அந்தச் சூட்டில் பதம் போகும், ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே உடையும். நெய்வேலியில் நாங்கள் பல்லுக்கு மேல்பூச்சு வெல்டிங் வைத்தோம், அதற்குத் தனி ராடு, தனி முறை உண்டு. ரோட்டோரப் பட்டறையில் அவசரத்துக்கு வைப்பது அதுவல்ல. பி.டி.ஓ. நிமிஷத்துக்கு 540 சுற்றில் ஓடும்போது உடைகிற துண்டு எங்கே பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பின்னால் விதை எடுத்துக்கொண்டு பெண்கள் நிற்கிறார்கள். கிரைண்டரில் தீட்டிக் கூராக்குவதும் அதே கதைதான். விளிம்பு நீலம் பாய்ந்தால் பதம் போயிற்று.

இப்போது என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற மறு வருஷம், இதே வண்டிக்கு, என் வீட்டு வாசலில் நான்தான் கத்தி மாற்றினேன். ஹைட்ராலிக்கில் ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்திவிட்டுக் கீழே கட்டை வைக்காமல் கை விட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சினை நிறுத்திவிட்டோமே என்ற தைரியம். பேரன், அப்போது ஐந்து வயது, எப்போது சீட்டில் ஏறினான் என்று தெரியாது. லிவரைத் தள்ளிவிட்டான். எஞ்சின் நின்றிருந்தால் என்ன, லிவர் இறங்கினால் பாரம் இறங்கும். நான் அப்போது ஸ்பேனர் எடுக்கக் கையை வெளியே நீட்டியிருந்தேன். அது ஒன்றுதான் காரணம், இன்றைக்கு இரண்டு கையாலும் இதைத் தட்டச்சு செய்வதற்கு. 33 வருஷம் பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்தவன் செய்த காரியம் அது. பேரன் அழுதான். நான் திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டு, பி.டி.ஓ. தண்டைக் கழற்றி, இரண்டு பக்கமும் கனமான மரக்கட்டை கொடுத்து அதன்மேல் பாரத்தை இறக்கிய பிறகுதான் கை வைப்பது. இதில் எவனுக்கும் சலுகை கிடையாது.

புதுக் கத்தி போட்டாலும் ரோட்டவேட்டர் நாலிலிருந்து ஆறு அங்குலம்தான் போகும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். வருஷா வருஷம் அதே ஆழத்தில் ஓட்டினால் அடியில் ஒரு கெட்டித் தளம் உண்டாகிவிடும். அதற்குத்தான் வேளாண் பல்கலைக்கழகத்தார் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை உளிக்கலப்பை போடச் சொல்கிறார்கள். அது வேறு பேச்சு. அதைக் காட்டி மொட்டைக் கத்திக்கு நியாயம் சொல்ல வேண்டாம்.

அண்ணன் மகன் மூன்று நாள் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. நேற்றுக் காலையில் வந்தான். பேசாமல் ஒரு சாக்கை இறக்கி வைத்தான். எண்ணினேன். 42 கத்தி, இடது 21, வலது 21. போல்ட்டு 80.

"நாலு குறையுதேடா."

"கடையில அவ்ளோதான் இருந்துச்சு சித்தப்பா. அந்த நாலுக்கும் பழசைப் போட்டுக்கலாம்."

திரும்ப அனுப்பியிருக்கிறேன். விருத்தாசலம் போயாவது வாங்கிக்கொண்டு வரட்டும். கட்டைகளை வாசலில் எடுத்துப் போட்டு வைத்திருக்கிறேன்.