சங்கிலியில கட்டவா நாய் வாங்குறீங்க?

"அண்ணே, வீட்டுக்குக் காவலாவும் இருக்கணும், பிள்ளைங்களோட விளையாடவும் செய்யணும். நல்ல ஜாதி நாய் எது?" இப்படிக் கேக்குறவங்ககிட்ட நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான்: அதை ஓட விடுவீங்களா, கட்டிப் போடுவீங்களா?

சைபீரியன் ஹஸ்கி பனியில வண்டி இழுத்த நாய். அதைக் கொண்டாந்து சித்திரை வெயில்ல நாக்குத் தள்ள விடுறது பாசமில்ல, பகட்டு. நம்ம ஊரு நாய்னாலும் யோசிக்கணும். சிப்பிப்பாறையும் கன்னியும் முயலை விரட்டிப் பிடிச்ச வேட்டை நாய்கள். கார் நிறுத்துற இடத்துல கட்டிப் போட்டா கிறுக்குப் பிடிக்காம என்ன செய்யும்? ராஜபாளையம் 2005-ல தபால்தலையில வந்த நாய். பெருமைதான். ஆனா அந்த வெள்ளைக் குட்டிகள்ல காது கேக்காததும் பிறக்கும். பின்னால நின்னு கைதட்டிப் பாக்காம பணத்தை நீட்டாதீங்க.

நானும் யோக்கியன் இல்ல. முன்னால ஒரு நாயை ராப்பகலா கட்டியே வச்சிருந்தேன். சோறு வைக்கப் போன என் மகளையே கடிச்சிருச்சு. குத்தம் நாயோடது இல்ல, என்னோடது.

இப்போ எங்க தோட்டத்துக்குக் காவல் கருப்பி. தெருவுல பொறந்தவ. மூணாம் மாசம் வெறிநோய்த் தடுப்பூசி, அப்புறம் வருஷா வருஷம். பகல்ல பிள்ளைங்களோட, ராத்திரி களத்துல. புது ஆள் வரப்புல கால் வச்சா ஊரே எந்திரிக்கும். பிள்ளைங்க வாலைப் பிடிச்சு இழுத்தா எந்திரிச்சு நகந்து படுத்துக்கும்.

நாய்லயும் ஜாதி பாக்குறதை விடுங்க. முதல்ல சங்கிலியை அவுக்கப் பழகுங்க.